குளவி குடியிருந்த குழாய்

உங்கள் தெருக் கோயில் ஒலிபெருக்கியில் திடீரென்று அம்மன் பாட்டு மூக்கடைத்த மாதிரி வருகிறதா? பாடியவருக்கு ஜலதோஷம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் தலையில் குட்டவும் வேண்டாம். குழாய்க்குள் யாரோ குடிவந்திருக்கிறார்கள். அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது, கரன்ட் பில் கிடையாது. மண் குளவி!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மாமா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். நான் பி.காம். என்பதால், வருஷா வருஷம் ஆடி பிறப்பதற்கு முன் அவருடைய கணக்கு நோட்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. சம்பளம், மாமி கையால் வெந்தயக் குழம்பு. பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தபிறகு குழாய்களுக்கு மவுசு குறைந்துவிட்டாலும் மாமாவிடம் இன்னும் ஒரு டஜன் இருக்கின்றன. பாதி கடையில். மீதி, சுற்றுப்பட்டு கிராமத்துக் கோயில்களில் கட்டியது கட்டியபடி. பொங்கலுக்குப் பாடியவை, ஆடி வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு சும்மாவே இருக்கும். (அப்படி ஓரிருவர் உங்கள் ஆபீஸிலும் உண்டு. பெயர் வேண்டாம்.)

குளவியின் கண்ணால் பாருங்கள். மழை படாது, வெளிச்சம் குறைவு, உள்ளே போகப் போகக் குறுகல். நீளமான குழலை இடத்தை அடைக்காமல் மடித்து வைத்ததுதான் அந்தக் கூம்பு. யூனிட்டிலிருந்து கிளம்பும் சத்தம் நடுக்குழாய் வழியாக வந்து, எதிரே இருக்கும் கிண்ணத்தில் திரும்பி, மறுபடி மடங்கி வெளியே வருகிறது. அதே வழியில் குளவி உள்ளே போகிறது. ஈர மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து நடுக்குழாயில் அறை கட்டுகிறது. வழி அடைபட்டதும் பாட்டிலிருக்கிற 'ஸ'வும் 'ஷ'வும் காணாமல் போய், வெறும் 'ஊ... ஊ...' மட்டும் கேட்கிறது.

குளவி, புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். (சில மானேஜர்கள் குமாஸ்தாக்களிடம் கையாள்வதும் இந்த முறைதான்.) உண்மை வேறு. மண் குளவி, சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அறையில் அடுக்கும். ஒரு முட்டையிட்டு, வாசலை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, குளவியாகிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆக, பிரமோஷன் கொட்டு வாங்கினவருக்கு இல்லை. சாப்பிட்டவருக்குத்தான்!

சென்ற ஆடிக்கு முன் நான் போயிருந்தபோது, கடைப் பையன் ஒரு குழாயை மல்லாக்கப் போட்டு, கையில் சைக்கிள் கம்பியோடு நின்றுகொண்டிருந்தான். மாமா போட்ட சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படவில்லை.

"டேய், நிறுத்துடா! கூடு ஓசியில வந்தது. யூனிட்டு காசு குடுத்து வாங்கினது!"

யூனிட்டுக்குள்ளே டயாஃப்ரம் என்று மெல்லிசாக ஒரு தகடு. அதில் ஒட்டிய கம்பிச் சுருள், காந்தத்தின் நடுவே ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான சந்தில் அசைந்தாடுகிறது. கம்பி அந்தத் தகட்டைக் குத்தினால் ஒரு திருவிழாக் காசு போச்சு. பஞ்சர் கடையில் காற்றடித்து ஊதினால் மண் தூள் நேரே அந்தச் சந்துக்குள் போய் உட்காரும். மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் துகள் காந்தத்தைக் கண்டால் விடுமா? பெட்ரோலோ மருந்தோ அடித்தால் குளவி சாகலாம். கூடவே தகட்டை ஒட்டிய பசையும் இளகக்கூடும். 'வால்யூமைக் கூட்டு, கூடு தானா உதிரும்' என்று யோசனை சொல்பவரும் ஊருக்கு ஒருவர் இருப்பார். கூடு உதிராது, சுருள்தான் கருகும்.

மாமாவின் வைத்தியம் சாதுவானது. முதலில், ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் ஓர் ஆளைக் காவல் வைக்க வேண்டும். ஒயரில் 100 வோல்ட் வரைக்கும் ஓடுகிற லைன்கள் உண்டு. அடுத்து, தள்ளி நின்று கால் மணி நேரம் வேடிக்கை. ஒற்றைக் குளவி வந்து போனால் மண் குளவி. தனிக்கட்டை, கூட்டுக்காகச் சண்டைக்கு வராது. கூட்டமாக வந்து போனால் கதை வேறு. அது பின்னால் வருகிறது.

குழாயை இறக்கி, வாய் கீழே பார்க்க வைத்து, அந்த நிலையிலேயே யூனிட்டை மரை கழற்ற வேண்டும். உதிர்வது எதுவும் யூனிட்டுக்குள் விழாது. கழற்றியதும் யூனிட் வாயைச் சுத்தமான துணியால் கட்டி ஓரமாக வைத்துவிடலாம். இனி கையில் இருப்பது வெறும் அலுமினியம். ஈரத்துணியைக் கூட்டின் மேல் அரை மணி நேரம் போட்டால் மண் இளகிவிடும். மூங்கில் சிம்பால் நெம்பி, குழந்தைக்குப் பால் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும். யூனிட் வாயில் ஒட்டியதை, அதையும் கவிழ்த்துப் பிடித்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் போதும். உள்ளேயே மண் போயிருந்தால் மெக்கானிக்கிடம்தான். ரப்பர் வாஷரோடு திரும்ப முடுக்கி, சின்ன சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

கூட்டில் வட்ட ஓட்டை இருந்தால் குடும்பம் காலி செய்துவிட்டது என்று அர்த்தம். மூடியே இருந்து, திருவிழாவுக்கும் நாள் இருந்தால் மாமா காத்திருப்பார். "குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பொறக்கும்பாங்க மாப்ளே. இந்த வயசுல எனக்கு வேணாம். பேரன் பொறக்கட்டுமே!"

சுத்தம் செய்வதைவிட வரவிடாமல் தடுப்பது மலிவு. வாயில் கொசுவலை கட்டலாம். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் துணிப் பை மாட்டி, அவிழ்க்க மறக்காமலிருக்க சிவப்பு ரிப்பன் ஒன்றைத் தொங்கவிடலாம். நிற்கிற விமானங்களின் வேகம் அளக்கும் குழாய்களுக்கும் இதேபோல் சிவப்பு நாடாவோடு உறை மாட்டுகிறார்கள். 1996 பிப்ரவரி 6-ம் தேதி, டொமினிகன் குடியரசில் பிர்கன்ஏர் விமானம் ஒன்று கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் உறை இல்லாமல் நின்றிருந்த விமானம். அந்தக் குழாயை அடைத்தது மண் குளவிக் கூடாக இருக்கலாம் என்றே விசாரணையில் சந்தேகித்தார்கள். குழப்பமான வேக அளவை விமானிகளால் சமாளிக்க முடியவில்லை. ஒரு பிடி மண்!

இப்போது அந்த வேறு கதை. மறுநாள் பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில். இருபதடி இரும்புக் கம்பத்தில் குழாய். பையன் பாதி ஏறிவிட்டான். கீழே நின்று அண்ணாந்து பார்த்த மாமா, "எறங்குடா... மெதுவா, கம்பத்தை ஆட்டாம எறங்கு" என்றார், ரகசியம் பேசுவது போல. குழாய்க்குப் பின்னால் ஒன்று, இரண்டு, பத்து... வயிற்றில் மஞ்சள் பட்டையோடு கதண்டுகள். அதிர்ந்தால் கூட்டமாகக் கிளம்பும். பல கதண்டுகள் சேர்ந்து கொட்டினால் உயிரே போகலாம்.

விழாக் கமிட்டிக்காரர் கேட்கவில்லை. "விடிஞ்சா கூழ் ஊத்தணும்யா. சாக்கைப் போத்திக்கிட்டு ஏறச் சொல்லு. கீழே நாங்க புகை போடறோம்."

மாமா சட்டைப் பையிலிருந்து அட்வான்ஸ் 3,000 ரூபாயை எடுத்து, எண்ணிக்கூடப் பார்க்காமல் அவர் கையில் வைத்தார். "தீயணைப்புக்குப் போன் போடுங்க. இதுல நான் ஆள் ஏத்த மாட்டேன்." பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வண்டியில ஏறுடா" என்றார்.

தீயணைப்பு வீரர்கள் வந்து, ஜனங்களை விலக்கி, இருட்டிய பிறகு கூட்டை அழித்தார்களாம். கூழுக்கு வேறு ஊர் செட் பாடியது. அந்தக் கோயில் இனி மாமாவைக் கூப்பிடுமா என்பது சந்தேகம்தான்.

அன்று ராத்திரி நோட்டைப் பிரித்து, 3,000 ரூபாயை நஷ்டத்தில் எழுதப் போனேன். திண்ணையில் பையன் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதை வரவுல எழுது மாப்ளே."

எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எழுதிவிட்டேன்.