சிபாரிசு

போன சீசன்ல ஐந்தருவில குளிச்சுட்டு, பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிடும்போது சி.எஸ்.ஐ. நண்பன் ஆரம்பிச்சான். "ஏல, அப்பாகிட்ட நேரா கேக்க வேண்டியதுதான? நடுவுல எதுக்கு அந்தோணியார் சிபாரிசு?"

தென்காசி மிக்கேல் அதிதூதர் கோயில்ல ஞானோபதேசம் படிச்சவனாச்சே, விடுவேனா :-) புனிதர்களுக்கு ஆராதனை கிடையாது, வணக்கம்தான். கொடுக்கிறவர் கடவுள். புனிதர்கள்கிட்ட 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு மட்டும்தான் கேக்கோம். கானாவூர்க் கல்யாணத்துல ரசம் தீர்ந்ததை மாதா போய்ச் சொல்லலையா? உனக்குக் காய்ச்சல்னா என்னை ஜெபிக்கச் சொல்லுத. செத்துப்போனா அந்த உறவு அறுந்துருமா?

"ஒரே மத்தியஸ்தர்னு 1 தீமோத்தேயு 2:5ல இருக்கே?"

"அது மீட்பைப் பத்தி."

அடுத்து தேவசகாயம் பிள்ளையை இழுத்தேன். 1752ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொல்லப்பட்டவர். 24 வாரக் கரு அசைவில்லாம, துடிப்பில்லாமப் போய், அவர்கிட்ட வேண்டினதும் மறுபடி அசைஞ்சதை அற்புதமா ரோம் ஏத்துக்கிச்சு; 2022 மே 15ல புனிதர் பட்டம்.

சொல்லிட்டிருக்கும்போதே தொண்டை அடைச்சுது. அதே வருஷம்தான் எங்க அக்காவுக்கும் ஆறாம் மாசம் துடிப்பு நின்னுது. அம்மா ராத்திரி பூரா அதே தேவசகாயத்துக்கிட்டதான் வேண்டினா. திரும்பல.

அம்மா இன்னும் அவர் படத்துக்கு மெழுகுதிரி ஏத்துதா. ஒருநாள் எரிச்சல்ல கேட்டுட்டேன். "கேட்டது நடக்கலைன்னா பேச்சை விட்டுருவாங்களால?"ன்னா. எனக்குத்தான் இன்னும் அவர்கிட்ட பேச வரல.

நண்பன் அதுக்கப்புறம் வசனம் எதுவும் சொல்லல. அவன் புரோட்டால பாதிய பிச்சு என் இலைல வச்சான்.