கடைசியாகப் பார்ப்பவர்

ஜப்பானிய ‘ரிங்’ படத்தில் சதாகோ என்ற பேயாக வந்தவர் ரியே இனோ. நாடகமேடையில் பழகிய நடிகை. அவரைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அந்த ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். கிணற்றிலிருந்து ஏறி, முன்னால் வந்து, டிவிக்குள்ளிருந்து இந்தப் பக்கம் இறங்கும் அந்த உடம்பில் ஏதோ ஒன்று முறையாக இல்லை என்பதைக் கண் உடனே பிடித்துவிடும். எது என்றுதான் சொல்லத் தெரியாது. எத்தனை பேய்ப் படம் பார்த்தாலும் அந்த நடைக்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

‘ரிங்’ எனக்குக் கிடைத்தது கல்லூரி விடுதியில். ஒருவர் காப்பி எடுத்ததிலிருந்து இன்னொருவர் காப்பி எடுத்து, கை மாறிக் கை மாறி வந்த சிடி. இருட்டுக் காட்சிகளில் ஆள் எது, சுவர் எது என்று தெரியாது. படத்துக்குள் வரும் அந்தச் சபிக்கப்பட்ட கேசட் ஓட ஆரம்பித்தபோது அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணாடி முன் தலை வாரும் பெண், நெளியும் எழுத்துகள், தலையில் துணி போர்த்தி எங்கோ விரல் நீட்டும் ஒருவன், பிறகு ஒரு கிணறு. பார்த்தவர் ஏழாம் நாள் சாவார். தப்ப ஒரே வழி, அதைக் காப்பி எடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. மறுநாள் காலையிலேயே பக்கத்து அறைக்காரன் அந்த சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

கோஜி சுசுகியின் நாவல் 1991இல் வந்தது. ஹிடியோ நகாட்டாவின் படம் 1998 ஜனவரி கடைசியில். ஜப்பானில் பேய்க்கதைக்குரிய பருவம் கோடை. இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்கள் வரும் பருவம் அது. கபூகி மேடையில் பேய் நாடகங்களும் அப்போதுதான் களைகட்டும், புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்பு சில்லிடட்டும் என்று. இந்தப் படமோ நடுக்குளிரில் வந்து ஊரையே பிடித்துக்கொண்டது.

அந்தக் கபூகிப் பேய்களில் பெரியவள் ஓயிவா. சுருயா நன்போகு 1825இல் எழுதிய நாடகத்தில், புருஷனின் துரோகத்தால் நஞ்சு ஏறி முகம் அழிந்து செத்தவள். நோபுவோ நகாகாவா 1959இல் எடுத்த படத்தில் அவள் தலை வாரும் காட்சி இருக்கிறது; சீப்போடு முடி கொத்துக்கொத்தாக வரும். ஆனால் ஓயிவாவுக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். புருஷனைப் பிடிப்பாள், விடமாட்டாள், அவன் கதை முடிந்தால் கணக்கும் முடிந்தது. நம் கதைகளிலும் பேய்க்கு ஒரு வழக்கு உண்டு, தீர்ப்பு கிடைத்தால் போய்விடும்.

சதாகோவிடம் அதைத்தான் ரெய்கோ எதிர்பார்க்கிறாள். ரெய்கோ பத்திரிகைக்காரி, கணவனைப் பிரிந்தவள், கேசட்டைப் பார்த்துவிட்டவள். சின்னப் பையன் யோய்ச்சியும் அதைப் பார்த்துவிட்டான். முன்னாள் கணவன் ரியூஜியும் அவளுமாக இஸு தீபகற்பத்தில் ஒரு மரவீட்டின் தரைக்கு அடியில் அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். கெடு நெருங்குகிறது. ரெய்கோ உள்ளே இறங்கித் துழாவுகிறாள். முதலில் கையில் முடி வருகிறது, அப்புறம் மண்டையோடு. அவள் கத்தவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். தந்தை கிணற்றில் தள்ளிக் கொன்ற ஒரு பெண்ணை, கடைசியில் ஒருத்தி பிள்ளையைப் போல் தூக்குகிறாள். கெடு நேரம் கடந்தும் ரெய்கோ உயிரோடு இருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் மூச்சு விடுகிறோம்.

மறுநாள் ரியூஜியின் வீட்டில் டிவி தானாக ஓடுகிறது.

அந்த அணைப்புக்கு ஒரு பயனும் இல்லை என்பது எனக்குப் பல நாள் ஆறவில்லை. சதாகோவின் தாய் ஷிசுகோவின் கதைக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருக்கிறார் என்று படித்தபோது வருத்தம் இன்னும் கூடியது. சிசுகோ மிஃபூனே, குமமோட்டோ பகுதியைச் சேர்ந்தவர், மூடிவைத்த பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கும் சக்தி உள்ளவர் என்று பேரெடுத்தவர். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் தொமோகிச்சி ஃபுகுராய் 1910இல் அவரை அறிஞர்கள் முன் சோதனைக்கு உட்காரவைத்தார். பித்தலாட்டம் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் நஞ்சு குடித்து இறந்தார். இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. படத்தில் ஷிசுகோ எரிமலை வாயில் குதிக்கிறாள். நிருபர்கள் கூடி அவளை ஏசும் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிஃபூனேயின் ஞாபகம் வந்துவிடும்.

ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிப் போவது என்றால் ‘க்யூர்’ படத்தையும் சொல்ல வேண்டும். 1997இல் கியோஷி குரோசாவா எடுத்தது. டோக்கியோவில் சம்பந்தமில்லாத ஆட்கள் கொலை செய்கிறார்கள்: ஆசிரியர், போலீஸ்காரர், டாக்டர். இறந்தவர் கழுத்தில் பெருக்கல் குறி போல வெட்டு. எல்லாரும் மாமியா என்கிற இளைஞனைச் சந்தித்தவர்கள். அவன் ஞாபகம் தொலைத்தவன், நீ யார் நீ யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பான், லைட்டரைப் பற்றவைப்பான், தண்ணீரைக் கொட்டுவான், அவ்வளவுதான். கோஜி யாகுஷோ துப்பறிபவராக வருகிறார். வீட்டில் மனநிலை குலைந்த மனைவி. வெறும் வாஷிங்மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம். கடைசிக் காட்சி ஓர் உணவகம். அவர் சாப்பிட்டு முடித்துப் புகைபிடிக்கிறார். பரிமாறும் பெண் நடந்து போகிறாள். அவள் கையில் கத்தி எப்போது வந்தது என்று கவனிப்பதற்குள் படம் தீர்ந்துவிடும். இந்த முடிவைப் பார்க்கத் தவறிவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லையே என்ற நண்பனை மறுபடி உட்காரவைத்துக் காட்டியிருக்கிறேன். அவன் அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை.

ஆனாலும் என் மனம் ‘ரிங்’ படத்தின் கடைசி நிமிடத்துக்கே திரும்பிவிடுகிறது. தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்று ரெய்கோவுக்குப் புரிந்துவிட்டது: காப்பி எடுத்து ரியூஜிக்குக் காட்டியதால். மகனைக் காப்பாற்ற இனி அவனும் யாருக்காவது காட்ட வேண்டும். பகலில் காரோட்டிப் போகிறாள். பக்கத்து சீட்டில் வீடியோ பிளேயர். தன் அப்பாவுக்குப் போன் போட்டு, ஓர் உதவி வேண்டும், யோய்ச்சிக்காக என்கிறாள். காட்சிக்கு மேலே பள்ளிப் பெண்கள் பேசும் குரல் கேட்கிறது: பார்த்தவர் இன்னொருவருக்குக் காட்டிவிட வேண்டும், அவர் இன்னொருவருக்கு, இதற்கு முடிவே கிடையாது, சாகப் பிடிக்காவிட்டால் செய்யத்தானே வேண்டும். தூரத்தில் வானம் இருண்டிருக்கிறது. சதாகோவை நான் தாங்கிக்கொள்வேன். அந்தக் காரைத்தான் தாங்க முடிவதில்லை.

நான்கு வருடம் கழித்து அதே நகாட்டா, அதே சுசுகியின் கதையை வைத்து ‘டார்க் வாட்டர்’ எடுத்தார். யோஷிமி விவாகரத்து வழக்கில் மகள் இகுகோவுக்காகப் போராடுபவள். கிடைத்த வாடகை ஃபிளாட்டில் கூரை ஒழுகுகிறது. தூக்கிப்போட்ட சிவப்புப் பை திரும்பத் திரும்ப மொட்டைமாடியில் கிடக்கிறது. மேல்மாடியில் குடியிருந்த மிட்சுகோ என்ற குழந்தை அதை எடுக்கப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்திருக்கிறது. தேடி வரத் தாய் இல்லாத குழந்தை. அந்த லிஃப்ட் காட்சியை எழுதும்போதே எனக்குக் கை தளர்கிறது. மகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் ஓடிவந்த யோஷிமி, எதிரே தாழ்வாரத்தில் மகள் நின்று அழுவதைப் பார்க்கிறாள். அப்படியானால் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பது யார்? அவள் உதறவில்லை. பெற்ற மகளைக் கிட்டே வராதே என்று தலையசைத்துவிட்டு, செத்த குழந்தைக்கு, நான்தான் உன் அம்மா என்கிறாள். லிஃப்ட் மேலே போய்விடுகிறது.

ரெய்கோ பிள்ளைக்காக இன்னொருவரைக் கொடுத்தாள். யோஷிமி தன்னையே கொடுத்தாள். நகாட்டா தன் பழைய படத்துக்குத் தானே எழுதிய பதில் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். பேயைவிட, உயிரோடு இருப்பவர் உட்கார்ந்து போடும் அந்தக் கணக்கில்தான் ஜப்பானியப் படங்களில் எனக்கு வயிறு பிசைகிறது.

குரோசாவா என்றதும் பெரிய குரோசாவா வந்துவிடுகிறார். அகிராவுக்கும் கியோஷிக்கும் உறவு கிடையாது. அகிராவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) படத்தில் பேய் இல்லை, கணக்கு இருக்கிறது. செருப்புக் கம்பெனி அதிகாரி கோண்டோ, வீட்டையும் அடமானம் வைத்துப் பங்குகள் வாங்கப் பணம் புரட்டி வைத்திருக்கிறார். மகனைக் கடத்திவிட்டோம், மூன்று கோடி யென் கொடு என்று போன் வருகிறது. உடனே தருகிறேன் என்கிறார். மகனோ வீட்டுக்குள்தான் இருக்கிறான். கடத்தல்காரன் ஆள் மாற்றித் தூக்கியது கார் டிரைவரின் பிள்ளையை. அதற்கும் அதே தொகைதான் கேட்கிறான். கோண்டோவாக அதுவரை ஓங்கி நின்ற நடிகர் தோஷிரோ மிஃபூனேயின் முகத்தில் அப்போது ஓடுவதைப் பாருங்கள். டிரைவர் தரையில் மண்டியிட்டு அழுகிறார். படத்தின் முதல் பாதி முழுக்க ஏறக்குறைய அந்த ஒரு கூடம்தான். ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், யார் யாருக்கு முதுகைக் காட்டுகிறார்கள் என்பதிலேயே குரோசாவா மூச்சு முட்டவைத்துவிடுகிறார். கோண்டோ கடைசியில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டுக் கெட்டுப்போகிறார்.

சினிமாவில் அவ்வளவாக ஈடுபாடு இல்லாத அம்மாவை ஒரு விடுமுறையில் பிடித்து உட்காரவைத்து ‘டார்க் வாட்டர்’ காட்டினேன். பயப்படவேயில்லை. “அந்தக் குழந்தையைப் பெத்தவ எங்க போனா?” என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதே வாரம் ‘ரிங்’ போட்டேன். சதாகோ வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள், கார் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பெரியவர்கிட்ட விஷயத்தைச் சொல்லித்தான் காட்டுவாளா?”

“படத்துல அது இல்லம்மா.”

“சொன்னா வேணாம்னா சொல்லப்போறாரு? பேரனுக்குன்னா எந்தத் தாத்தாவும் உட்கார்ந்து பார்ப்பாரு.”

“சரி, பார்த்துடறாரு. ஏழு நாளுக்குள்ள அவரும் வேற யாருக்காவது காட்டணுமே?”

“அவர் எதுக்குடா காட்டணும்?” என்றாள் அம்மா. “வயசான மனுஷன். அவரோட நிக்கட்டும்.”