சின்சேரோவின் இடுப்புத் தறி

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து மச்சு பிச்சுவை நோக்கிச் செல்லும் விடுமுறைத் தம்பதியருக்கு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,760 மீட்டர் உயரத்தில் உள்ள சின்சேரோ பெரும்பாலும் வழியில் வண்டி நிற்கும் ஓர் ஊராகவே அமைகிறது. கோக்கா இலைத் தேநீர், சாயமிடுதல் பற்றிய சிறு விளக்கம், அதன்பின் கடை என்று அந்நேரம் விரைவில் கழிந்துவிடுகிறது. ஆனால் அங்குள்ள கெச்சுவா இனப் பெண்களின் தொழில், அந்தக் குறுகிய நேரத்திற்குள் அடங்குவதன்று.

முதலில் ஒரு செடியின் வேரைத் துருவி நீரில் கலக்கி, எழும் நுரையில் ஆட்டு மயிரையும் அல்பக்கா என்னும் ஒட்டக இன விலங்கின் மயிரையும் அலசி, தக்கிளியில் நூலாக முறுக்குகின்றனர். அடுத்தது சாயம். சப்பாத்திக்கள்ளி மடல்களில் வெண்மாவு படிந்தாற்போல் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற செதிற்பூச்சியின் பெண்ணினத்தைச் சேகரித்து உலர்த்துகின்றனர். அதை உள்ளங்கையில் வைத்து நசுக்கியதும் அடர்சிவப்பு பரவுகிறது, எலுமிச்சைச் சாறு பட்டால் அதே சிவப்பு செம்மஞ்சளாக மாறுகிறது, காரப்பொருள் சேர்ந்தால் ஊதாவை நோக்கி நகர்கிறது. பூச்சியில் உள்ள கார்மினிக் அமிலம் புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறுவதே இதற்குக் காரணம். சாயம் நூலில் நிலைக்கப் படிகாரம் நிறமூன்றியாக, அதாவது நிறத்தை இழையோடு பிணைக்கும் பொருளாக, உதவுகிறது.

தறி என்பது இங்கே சில கோல்களும் கயிறும் மட்டுமே. பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை நெசவாளர் தம் இடுப்புப் பட்டையோடு இணைத்துத் தரையில் அமர்கிறார்; பின்சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்வந்தால் தளர்கிறது. வரைபடம் எதுவும் பாராமல், மனத்தில் உள்ள கணக்கின்படி பாவிழைகளை விரலால் பொறுக்கி உயர்த்தி, லாமா என்னும் விலங்கின் எலும்பில் கூராக்கிய ‘ருக்கி’ என்னும் கருவியால் ஊடையை அடித்து நெருக்குகிறார். சிறுமியர் முதலில் குறுகிய நாடாக்களை நெய்து பழகியபின்பே அகன்ற துணிக்கு வருகின்றனர். பெண்கள் தோளில் அணியும் ‘யிக்யா’ என்ற போர்வையில் இரு பாதிகளைத் தனித்தனியே நெய்து பின்னர் இணைக்க வேண்டியிருப்பதால், ஒரு போர்வைக்கே பல வார உழைப்பு செல்கிறது.

ஆலை நூலும் வேதிச் சாயமும் பரவியதால் நலிந்த இக்கலையை மீட்க, சின்சேரோவில் பிறந்த நெசவாளர் நில்டா கய்யஞௌப்பாவும் அவருடைய தோழர்களும் 1996இல் குஸ்கோவில் மரபு நெசவு மையத்தை நிறுவியது மதிக்கத்தக்க முயற்சியாகும். நெசவாளரின் வருவாய்க்கு வழிசெய்யாமல் மரபை மட்டும் போற்றுவது எவ்வகையிலும் போதாது. சுற்றுலாச் சந்தையில் ஆலைத்துணியும் கைத்தறித் துணியாக விலைபோவதால், வாங்குவோர் துணியின் முனைகளை நோக்க வேண்டும். வெட்டப்படாமல் நான்கு பக்கமும் நெய்து முடிந்த விளிம்புகள் இடுப்புத் தறியின் வலுவான அடையாளம். அத்தகைய துணியைக் கண்டால், நெய்தவர் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்குங்கள்.