எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

செப்டம்பர் 5 வந்தால் வாழ்த்து அட்டைகள் குவியும். பலவற்றில் 'டீச்சர்ஸ் டே' தப்பாகவே இருக்கும். அபாஸ்ட்ரபி குறி (') எஸ்ஸுக்கு முன்னால் நின்றால் அது ஒரே ஓர் ஆசிரியரின் நாள். பின்னால் நின்றால்தான் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேரும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நவம்பர் 14-ன் 'சில்ட்ரன்ஸ் டே'க்குக் கதை வேறு: 'சில்ட்ரன்' எஸ் இல்லாமலே பன்மை, எனவே அபாஸ்ட்ரபிக்குப் பிறகே எஸ்.

இந்தக் குறி விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்காவின் ஆனா ஜார்விஸ். 1914-ல் அதிகாரபூர்வமான 'மதர்ஸ் டே'க்காகப் போராடியவர். அதில் குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் வரவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பொத்தாம்பொதுவாகத் தாய்மாரை அல்ல, ஒவ்வொரு குடும்பமும் தன் தாயைப் போற்ற வேண்டும் என்று விரும்பினார். எவ்வளவு தெளிவான மனசு!

பள்ளிக்கு பேனர் அடிக்கும் நண்பர்களே, அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் குறியை ஒருமுறை பாருங்கள்.