ஒரே பானை, ஒரே பந்தி



அமெரிக்க உணவென்றால் பர்கர் மட்டுமே என்று எண்ணுகிறவர்களுக்குத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகள் வேறொரு தேசத்தைக் காட்டுகின்றன: மேரிலாந்தின் நண்டு, டெக்சாஸில் புகையில் வெந்த மாட்டிறைச்சி, லூசியானாவின் ‘கம்போ’ குழம்பு.

கம்போவைச் சற்றுக் கவனியுங்கள். அதிலுள்ள வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்துச் சேர்ப்பது பிரெஞ்சு முறை. குழம்பைக் கெட்டியாக்கும் சாசஃப்ராஸ் இலைத்தூள் சோக்தா பழங்குடியினர் தந்தது. பானைக்குள் எல்லாம் கலந்தன. ஆனால் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து அதை உண்ண அக்காலத்துச் சட்டம் இடந்தரவில்லை.

லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் லியா சேஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி உணவகம் நடத்திவந்தார். 1960களில், நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய இரு நிறத்தாரும் அங்கே மேல்வீட்டறையில் ஒன்றாய் அமர்ந்து, கம்போ உண்டு, ஆலோசனை செய்தனர். சட்டம் மறுத்த பந்தியை அவர் துணிந்து விரித்தார்.

அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, சிலருக்குப் பயந்து விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). யாரோடு அமர்கிறோம் என்பது பவுலுக்குச் சுவிசேஷத்தின் சத்தியத்தைப் பற்றிய காரியமாயிருந்தது.

பிறருடைய உணவை ரசிப்பது எளிது. அவர்களோடு அமர்வதற்கே கிருபை வேண்டும். உங்கள் வீட்டுப் பந்தியில் இதுவரை இடம்பெறாதவர் யார்? இவ்வாரம் அவரை அழைப்பீர்களா?

ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்த ஆண்டவர் நம் பந்திகளை விரிவாக்குவாராக. ஆமென்.