கார்டு எப்போது வந்தது?

புதிதாக ஒரு கேமிங் சிஸ்டம் அசெம்பிள் செய்யச் சொல்லிவிட்டு, "விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போட்டுக் கொடுங்க" என்பவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது ஒரு காரணம். கிராக் செய்த விண்டோஸை வைத்துக்கொண்டு இனிமேலும் காலம் தள்ள வேண்டாம் என்ற எண்ணம் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது எண்ணத்தோடு வருகிறவர்கள் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "புதுசா வர்றவங்களுக்கு எந்த டிஸ்ட்ரோ நல்லது?" பதில் சொல்லும் முன் நான் கேட்பேன்: "என்ன கிராபிக்ஸ் கார்டு போடப் போறீங்க? அது மார்க்கெட்டுக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

சம்பந்தமில்லாமல் ஏதோ கேட்கிறேன் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

விண்டோஸில் புதுக் கார்டு வாங்கினால் நிறுவனத்தின் தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கிப் போட்டுக்கொள்வோம். லினக்ஸில் ஏஎம்டி கார்டுக்கு அந்த வழக்கம் கிடையாது. டிரைவரின் ஒரு பாதி கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மறுபாதி மெசா என்ற மென்பொருள் தொகுப்பில் இருக்கிறது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் தனி. இந்த மூன்றுமே டிஸ்ட்ரோவோடு சேர்ந்து வருபவை. டிஸ்ட்ரோ எந்த வயதுக் கர்னலைச் சுமந்து வருகிறதோ, அந்த வயது டிரைவர்தான் நம் கைக்குக் கிடைக்கும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 வரிசை 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அப்போது லினக்ஸ் மின்ட்டின் நடப்புப் பதிப்பு 22.1. அந்த ஜனவரியில்தான் வெளியாகியிருந்தது என்பதால் பார்வைக்குப் புத்தம் புதியது. ஆனால் அது நின்றது 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 மேல், அதன் கர்னல் 6.8. கார்டு பிறப்பதற்கு ஓராண்டு முந்தைய கர்னலுக்கு அந்தக் கார்டை எப்படி அடையாளம் தெரியும்? டெஸ்க்டாப் வந்தாலும் ரெசல்யூஷன் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்க இடமே இருக்காது. ஜன்னலை இழுத்தால் விட்டுவிட்டு நகரும். சிஸ்டம் தகவல் பக்கத்தில் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று ஒரு சொல் இருக்கும். கார்டு சும்மா கிடக்கிறது, படம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில் விழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். சிஸ்டத்திலேயே விலை கூடிய பாகம் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும். வாங்கியவரோ லினக்ஸே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்.

கார்டு வந்த அடுத்த மாதமே, 2025 ஏப்ரலில் வெளியான ஃபெடோரா 42 கர்னல் 6.14உடன் வந்தது. அதில் இந்தக் கார்டுக்குத் தேவையான எல்லாம் இருந்தன. மின்ட்டும் பின்தங்கியே நின்றுவிடவில்லை. செப்டம்பரில் வந்த 22.2 பதிப்பில் அதே 6.14 கர்னல் வந்து சேர்ந்தது. நடுவில் இருந்தது அரை வருடத்துக்கும் குறைவான இடைவெளி. கார்டை வெளியான சூட்டோடு வாங்கியவருக்கு அந்த இடைவெளிதான் எல்லாமே.

மின்ட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஓராண்டுக்கு மேல் பழகிய கார்டு என்றால் இன்றும் யோசிக்காமல் அதைத்தான் போட்டுத் தருகிறேன். ஸ்டார்ட் மெனு இருக்கும் இடத்தில் மெனு இருக்கிறது. டிரைவருக்கு ஒரு ஜன்னல், அப்டேட்டுக்கு ஒரு ஜன்னல். நிதானமாக மாறுவதுதான் அதன் குணம், அதுவே அதன் பலம். புதியவருக்கு ஏற்றது என்று பெயரெடுத்த டிஸ்ட்ரோக்கள் பெரும்பாலும் இப்படி நிதானமானவை. புதிய கேமிங் கார்டுக்கோ நேற்று வந்த கர்னல் வேண்டும். புதியவருக்கு நல்லதும் புதுக் கார்டுக்கு நல்லதும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. பட்டியல் போட்டு 'முதலிடம் இதற்கு' என்று சொல்பவர்கள் இந்த இழுபறியைச் சொல்வதே இல்லை.

என்விடியா கார்டுக்குக் கணக்கு வேறு. டிரைவரை அந்த நிறுவனமே தருகிறது. டிஸ்ட்ரோ அதைப் பொதிந்து தருகிறது. இதில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் என்விடியாவின் ஓப்பன் கர்னல் மாட்யூலோடு மட்டுமே இயங்கும். மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் ஒரே எண் கொண்ட டிரைவர் இரண்டு வரிகளில் வரும். ஒன்றின் வாலில் 'ஓப்பன்' என்றிருக்கும். 50 வரிசைக்கு அந்த வாலுள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய காணொளிகள் மற்றதைச் சொல்லும், கேட்காதீர்கள்.

இரண்டாவது, செக்யூர் பூட். அது இயக்கத்தில் இருந்தால், பல டிஸ்ட்ரோக்களில் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். சிஸ்டம் மறுபடி எழும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிவிட்டுப் பத்திலிருந்து எண்ணிக் குறைத்துக்கொண்டே வரும். புதியவர் அந்த நீலத்தைப் பார்த்துப் பதறி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எண் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் திரை போய்விடும், டிரைவர் ஏறாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்' என்ற வரியைத் தேர்ந்து, கண்டினியூ, எஸ், முன்பு கொடுத்த கடவுச்சொல், ரீபூட். சிஸ்டத்தை ஒப்படைக்கும்போது இந்தத் திரையை மட்டும் வாங்குகிறவர் கையாலேயே செய்ய வைப்பேன். பின்னால் அது எப்போது வந்தாலும் பயம் இருக்காது.

கார்டுக்கு அடுத்து, விளையாட்டுகளின் பட்டியல். ஒரு அப்பாவும் பையனும் வந்திருந்தார்கள். "இவன் விண்டோஸ் வேணாங்கிறான் சார், அந்தக் காசுல பெரிய எஸ்எஸ்டி போடலாமாம்" என்றார் அப்பா. "என்னென்ன ஆடுவே தம்பி?" என்று கேட்டேன். "வாலரன்ட், அண்ணா. அப்புறம் ஜிடிஏ, சைபர்பங்க்."

"சைபர்பங்க் நல்லா ஓடும். ஜிடிஏல கதை ஓடும், ஆன்லைன் ஓடாது. வாலரன்ட் ஓடவே ஓடாது."

பையன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது என் கடமை. விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டானை வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஸ்டீமில் சேர்த்தது. வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் கட்டியது அது. விளையாட்டு டைரக்ட்எக்ஸ் மொழியில் பேச, கார்டுக்கு வல்கன் மொழியில் சொல்லும் துபாஷியாக அதற்குள் டிஎக்ஸ்விகே இருக்கிறது. நீயர் ஆட்டோமேட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பிய ஃபிலிப் ரெபோலே தொடங்கிய வேலை அது. ஒரு ரசிகரின் ஆசையிலிருந்து பிறந்த அந்த நிரல் இன்று ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைத் தாங்கி நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

துபாஷியால் முடியாத இடம் ஆன்டி-சீட். வாலரன்ட்டின் வான்கார்டு, விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் நிரல். அதற்கு லினக்ஸில் இடமில்லை. ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் ஓடாது. ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021லிருந்து புரோட்டானோடு வேலை செய்ய இடம் கொடுக்கின்றன. ஆனால் அனுமதிப்பது விளையாட்டை உருவாக்கியவர் கையில். அந்த அனுமதி பறிபோகவும் செய்யும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடிவிட்டது. ஜிடிஏ ஆன்லைனும் அதே ஆண்டு செப்டம்பரில் நின்றது. எந்த டிஸ்ட்ரோவைப் போட்டாலும் இது மாறாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு. அவற்றில் இந்தக் கவலை இல்லை.

அந்தப் பையனுக்கு இரண்டு எஸ்எஸ்டி போட்டு, ஒன்றில் லினக்ஸும் மற்றதில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸும் வைத்தோம். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி, 'புதியவருக்கு எளிது' என்றால் என்ன? அழகான மெனு என்று பலர் நினைக்கிறார்கள். யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், 2021 நவம்பரில் வெளியான தன் காணொளித் தொடருக்காக, எளிது என்று பெயர்பெற்ற பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப் போனார். அந்த நேரத்தில் தொகுப்பில் ஒரு முரண்பாடு இருந்தது. டெர்மினலில் முயன்றபோது, முக்கியமான தொகுப்புகள் நீக்கப்படும் என்று எச்சரித்து, 'ஆமாம், சொன்னபடி செய்' என்ற வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது. அந்த முரண்பாடு விரைவில் சரிசெய்யப்பட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். புதிதாக வரும் எவரும் அதைத்தான் செய்திருப்பார். ஏதாவது உடையும் நாளில், உதவிக்கு ஆளில்லாமல், நேற்றைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் எளிமையை அளக்கிறேன்.

அதனால்தான் வீட்டில் கணினி தெரிந்தவர் யாரும் இல்லாத, விளையாட மட்டுமே சிஸ்டம் வாங்குகிறவருக்கு இப்போது பஸைட் போடுகிறேன். அது ஃபெடோராவின் 'அட்டாமிக்' வகைப் பதிப்பின் மேல் கட்டியது. அடிப்படை அமைப்பு முழுவதும் ஒரே பிம்பமாக வந்து இறங்கும். முந்தைய பிம்பம் அழியாமல் இருக்கும். அப்டேட் ஆனபின் கோளாறு என்றால், பூட் மெனுவில் பழைய வரியைத் தேர்ந்தால் போதும். ஸ்டீம் முன்பே இருக்கிறது, என்விடியாவுக்குத் தனிப் பிம்பம் இருக்கிறது, கர்னலும் புதியது. முன்பு சொன்ன இழுபறிக்கு எனக்குத் தெரிந்தவரை கிடைத்திருக்கும் நல்ல தீர்வு இதுதான். ஆனால் கல்லூரிப் பாடத்துக்காக விதவிதமான மென்பொருள் நிறுவ வேண்டியவருக்கு அந்தப் பூட்டிய அமைப்பு சிரமம் தரும். அவருக்கு ஃபெடோராவின் கேடிஇ பதிப்பைப் போட்டு, என்விடியா டிரைவரையும் கோடெக்குகளையும் நானே ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்திலிருந்து சேர்த்துத் தந்துவிடுகிறேன். மின்ட் என்றால், டைம்ஷிப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்காமல் சிஸ்டத்தைக் கொடுப்பதில்லை.

கேச்சிஓஎஸ் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல டிஸ்ட்ரோ, வேகமானது. ஆர்ச் வழிவந்த டிஸ்ட்ரோவில் அப்டேட் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்; முதல் லினக்ஸாக அதை யாருக்கும் நான் சொல்வதில்லை. இரண்டு எஃப்பிஎஸ் கூடுதலாக வருகிறது என்பதற்காக டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த வித்தியாசம் ஆடும் கண்ணுக்குத் தெரியாது.

சில சில்லறை விஷயங்கள், ஆனால் இவற்றால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன. ஏஎம்டி கார்டு என்றால் மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே போடுங்கள், எச்டிஎம்ஐ 2.1ஐத் திறந்தமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ அமைப்பு 2024இல் மறுத்துவிட்டது, 4கே 120 ஹெர்ட்ஸில் சிக்கல் வரும். விண்டோஸில் வைத்திருந்த என்டிஎஃப்எஸ் டிரைவிலிருந்தே ஸ்டீம் விளையாட்டுகளை ஓட்ட முயலாதீர்கள். லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையில் புதிதாக இறக்குங்கள். உபுண்டு போட்டால் ஸ்டீமின் ஸ்னாப் பதிப்பை விட்டுவிட்டு வால்வ் தரும் டெப் கோப்பை எடுங்கள். தமிழ் தட்டச்சுக்கு மின்ட், ஃபெடோரா, பஸைட் மூன்றிலும் வழி இருக்கிறது. தமிழ்99 பழகியவர் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலில் அதைத் தேர்ந்துகொண்டால் போதும்.

நிறுவும் முன், லைவ் யுஎஸ்பியிலேயே கால் மணி நேரம் உட்காருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, ஏஎம்டி கார்டின் பெயர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். கார்டுக்குக் காசு கொடுக்கும் முன், உங்கள் விளையாட்டுகளை ஒவ்வொன்றாக புரோட்டான்டிபியில் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்று அங்கே இருக்கும் தரங்கள் எல்லாம் உங்களைப் போன்றவர்கள் ஆடிப் பார்த்து எழுதிய குறிப்புகளிலிருந்து வந்தவை. உங்கள் சிஸ்டத்தில் ஒரு விளையாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், கார்டின் பெயர், டிஸ்ட்ரோ, டிரைவர் எண் மூன்றையும் போட்டு நீங்களும் அங்கே நான்கு வரி எழுதுங்கள். அடுத்து அதே கார்டை வாங்கப் போகிறவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.