நூறு ரூபாய்ச் சண்டை

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில், டீக்கடை வாசலில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று தொடங்கிய வாய்த்தகராறு. ஒருவனுக்கு உதடு கிழிந்தது, மற்றவனுக்குச் சட்டை கிழிந்தது. மறுநாள் காலைக்குள் இருவருக்கும் தெரு பெயர் சூட்டிவிட்டது: ரவுடிப் பசங்க.

அந்தச் சண்டைக்குப் போலீஸ் போட்ட வழக்கின் நகலைப் பிறகு பார்க்க நேர்ந்தது. அதில் ரவுடி என்ற சொல்லே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 194 என்று இருந்தது. புரட்டிப் பார்த்தால், அந்தக் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘அஃப்ரே’ என்று பெயர். இத்தனை வயதில் நான் கேள்விப்படாத சொல். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் மேல் விழுந்த சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சட்டம் சொல்வது இதுதான்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் கெடுத்தால் அது அஃப்ரே. ஒருவன் அடிக்க மற்றவன் வாங்கிக்கொண்டு நின்றால் அது அஃப்ரே ஆகாது. வீட்டுக்குள் நடக்கும் அண்ணன் தம்பி சண்டையும் ஆகாது. சட்டவிரோதமாகக் கூடியவர்கள் ஐந்து பேராகிவிட்டால் அது கலகம் என்னும் வேறு கணக்குக்குப் போய்விடும். மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைவு கொடுத்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இது பிரிவு 159. அடுத்த பிரிவான 160இல் தண்டனை: ஒரு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தபோது அந்த 100 ரூபாய் 1,000 ஆனது. இலக்கணம் அப்படியே நிற்கிறது.

ஆனால் தெருச்சண்டை வழக்கென்றால் நம் காதில் விழுந்த எண்கள் 294 (பி), 323, 506. இந்த 160 ஏன் அரிதாகிப்போனது? பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் எனக்குத் தெரிந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன்.

“160 போட்டா ரெண்டு பேரும் மாட்டுவான் சார். புகார் குடுக்க வந்தவனும் அக்யூஸ்டுதான். எவன் சார் அதுக்குப் புகார் எழுதிக் குடுப்பான்?”

இந்தப் பிரிவின் நேர்மை அதில்தான் இருக்கிறது. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று அது பார்ப்பதில்லை. அந்த வழியே போன கிழவிக்கும், பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கும் நெஞ்சு பதறியதா என்று பார்க்கிறது.

சொல்லின் வேரும் அங்கேதான் போய் முடிகிறது. நார்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கில நீதிமன்றத்துக்கு வந்த சொல் இது. அதற்கும் பின்னால் போனால், வெளியே என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டும், அமைதியைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லும் சேர்ந்து நிற்கின்றன. இன்றைய ஜெர்மன் மொழியில் அமைதிக்கு வழங்கும் ‘ஃப்ரீடன்’ அதே குடும்பம். ஒருவரை அமைதியிலிருந்து வெளியே இழுத்துப் போடுவதுதான் அஃப்ரே. பயந்துபோனேன் என்று சொல்ல நாம் பள்ளியில் படித்த ‘அஃப்ரெய்டு’ இந்தச் சொல்லிலிருந்துதான் பிறந்தது. பயப்படுகிறவனுக்கான சொல்லைத் தெருச்சண்டை கொடுத்திருக்கிறது! இதை அறிந்த அன்று இரவெல்லாம் அந்த டீக்கடை வாசலில் நின்றிருந்தவர்களின் முகங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் ஒருமுறை காதில் விழுந்திருக்கலாம். 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரின் இரவு விடுதிக்கு வெளியே நடந்த அடிதடியில் இங்கிலாந்து வீரர் பென் ஸ்டோக்ஸ் மீது போடப்பட்ட வழக்கு இதே அஃப்ரேதான். இங்கிலாந்தில் இப்போது அது 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2017ஆம் ஆண்டின் ஆஷஸ் தொடரில் ஸ்டோக்ஸ் ஆடவில்லை. 2018 ஆகஸ்டில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். கிரிக்கெட் ஒழுங்குக் குழு தனியாக அபராதம் போட்டது. அத்தோடு முடிந்தது. 2019இல் உலகக்கோப்பை இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன், 2022இல் டெஸ்ட் அணித் தலைவர், 2023இல் 16.25 கோடி ரூபாய்க்கு நம் சேப்பாக்கத்து மஞ்சள் சட்டை. அவரைப் பார்க்க அம்பத்தூரிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் யாரும் அவரை ரவுடி என்று சொல்லிக் கேட்டதில்லை.

ரவுடி வேறு வம்சம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், காட்டோரக் குடியிருப்புகளின் முரட்டு ஆட்களைச் சுட்டப் பிறந்த சொல். வேர் எதுவென்று அகராதிக்காரர்களுக்கே உறுதியில்லை. அது கப்பலேறி வந்து இங்கே காவல் நிலையத்துப் பதிவேட்டில் உட்கார்ந்துகொண்டது: ‘ரவுடி ஷீட்’. அதற்குள்ளே ஏ பிளஸ், ஏ, பி, சி என்று பள்ளி மதிப்பெண் போலத் தரவரிசை வேறு. நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘கேடி’யும் போலீஸ் ஏட்டிலிருந்து தெருவுக்கு வந்ததுதான், ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது தெரிந்த கொள்ளையன் என்பதன் முதலெழுத்துகள். ‘குண்டா’ இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டத்தில் ஏறி, ‘குண்டாஸ்’ ஆகத் திரும்பி வந்தது. அந்தச் சட்டத்தில் விசாரணையில்லாமலே ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஆளைக் குறிக்கின்றன. அஃப்ரே ஒன்றுதான் அன்று அந்த இடத்தில் நடந்த செயலைக் குறிக்கிறது.

ஆளுக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2018 பிப்ரவரியில், பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்தநாள் விருந்து நடந்தது. கேக் வெட்டியது அரிவாளால். போலீஸ் சுற்றிவளைத்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அந்தப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. அதற்குப் பிறகு, எந்த வழக்கும் இல்லாத விடலைப் பையன்கள்கூடப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டுக் கைதானார்கள். பட்டம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்றால், பதினெட்டு வயதில் அதை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெளிவிருக்கும்? ‘நானும் ரவுடிதான்’ என்பது 2015இல் ஒரு படத்தின் தலைப்பாகவே வந்தது.

கத்தியால் பிழைப்பவர்கள் எங்கள் பகுதியில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். அவர்களால் கடையை விற்றுவிட்டுப் போனவர்களையும் அறிவேன். அவர்கள் மேல் சட்டம் பாயட்டும். ஆனால் 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் வந்த பிறகு, அம்பத்தூர், பூந்தமல்லி என்று செய்தியில் பெயர் வந்தாலே அடுத்த சொல் ரவுடியாக இருக்கிறது. டீக்கடைச் சண்டையும் கொலைக் கும்பலும் ஒரே தலைப்பில் வருகின்றன.

எங்கள் தெருவின் இரண்டு பையன்களில் ஒருவன் பெயர்ப்பலகைக் கடையில் வேலை செய்கிறான், மற்றவன் ஐ.டி.ஐ. படிக்கிறான். அவர்கள் செய்தது குற்றம்தான். தெருவின் அமைதியைக் கெடுத்தார்கள், அதற்குரிய அபராதத்தைக் கட்டட்டும். செய்தி எழுதும் தம்பிகளுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. அடுத்த முறை இப்படி நடந்தால் ‘கைகலப்பு’ என்று எழுதுங்கள், கைகலப்பு என்று சொல்லுங்கள். ரவுடி என்ற பட்டத்தை அந்தப் பிள்ளைகளுக்கு நாமே கொடுக்க வேண்டாம்.